பேர் தெரியாமல் ஆடித் தீர்த்த ஆட்டங்கள்

போன மே மாதம் பாலக்கோட்டில் அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது, உரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த எங்கள் பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது. இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் இரண்டு கேசட். அடாப்டர் மட்டும் செத்துப் போயிருந்தது. தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் அதே வோல்ட்டுக்கு வேறொன்று வாங்கி மாட்டினேன். மூன்று தடவை கேசட்டை எடுத்து எடுத்துப் போட்ட பிறகு படம் வந்தது. அக்கா மகனுக்கு 12 வயது. அரை மணி நேரம் டேங்க் கேம் ஆடிவிட்டு, "மாமா, இதுக்குப் பேரு என்ன? போன்ல இறக்கிக்கிறேன்" என்றான்.

எனக்குத் தெரிந்த பேர் "டேங்க் கேம்" மட்டும்தான். அவன் வயதில் கோடை விடுமுறை முழுக்க ஆடிய ஆட்டம் அது. அதைப் போலவே "சர்க்கஸ் கேம்", "பெங்குயின் கேம்", "பைக் கேம்", "தங்கம் பொறுக்கறது". எல்லாம் நாங்களே வைத்த பெயர்கள். அட்டைப் பெட்டி கிடையாது, விளக்கப் புத்தகம் கிடையாது, கேசட் மேல் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பேர் இல்லாததால்தான் இந்த ஆட்டங்கள் நம் பேச்சிலிருந்து நழுவிப் போயின என்று நினைக்கிறேன். சிறந்த பழைய ஆட்டங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் மாரியோ வரும், கான்ட்ரா வரும், செல்டா வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் சாலிடேர் டிவிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து நாம் அதிகம் ஆடியவை அந்தப் பட்டியலின் அடியில்கூட இருக்காது. ஆனால் இன்றைக்கும் உட்கார்ந்து ஆடத் தகுந்தவை அவைதான். நம் கைக்கு அவை வந்து சேர்ந்த விதத்திலேயே அதற்குக் காரணமும் இருக்கிறது.

நாங்கள் அந்தப் பெட்டியில் ஆடியது 1998, 99 வாக்கில். கேசட்டில் இருந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால் பிறந்த வருஷம் 1983, 84, 85 என்றே வருகிறது. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது 1983 ஜூலையில். நம் ஊருக்கு வந்தவை அதன் நகல்கள். தொண்ணூறுகளில் அந்தக் கருவியின் முக்கிய உறுப்புகள் அத்தனையையும் ஒரே சில்லில் (சிப்) அடக்கிவிட்டார்கள். விலை இறங்கியது அதனால்தான். எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பலகை, நடுவில் தார் சொட்டி உறைந்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அதற்குள்தான் எல்லாம்.

சரி, கருவி பழையது. ஆட்டங்கள் ஏன் 1985-ஓடு நின்றுபோயின? ஃபேமிகாமின் செயலி (பிராசஸர்) கேசட்டில் ஒரே நேரத்தில் 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்கும். படங்களுக்குத் தனியாக 8 கிலோபைட். ஆக மொத்தம் 40. வாட்ஸ்ஆப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று இதைப் போலப் பல மடங்கு இருக்கும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அந்த 40-ஐயும் பயன்படுத்திக்கொண்டது. அதில் மேகத்தையும் புதரையும் அடுத்த முறை உற்றுப் பாருங்கள், இரண்டும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. அதற்கு மேல் பெரிய ஆட்டம் வேண்டுமென்றால், நிரலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் செயலிக்குக் காட்டுவதற்கென்று ஒரு கூடுதல் சில்லு கேசட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்னால் வந்த பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த வகை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 என்ற ஒரே ஆட்டம் 384 கிலோபைட்.

நகல் கேசட் செய்தவர்களுக்கு அந்தச் சில்லு வீண் செலவு. சின்ன ஆட்டங்கள் என்றால் ஒரே நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைத்து, மெனுவில் நாம் தொட்டதை மட்டும் செயலிக்குக் காட்டினால் வேலை முடிந்தது. "9999 இன் 1" கேசட் இப்படிப் பிறந்ததுதான். அதில் உண்மையில் இருந்தவை சில பத்து ஆட்டங்களே. மீதி வரிசை முழுக்க அதே ஆட்டங்கள்தான், மூன்றாம் ஸ்டேஜிலிருந்து தொடங்கும், அல்லது லைஃப் கூடுதலாக இருக்கும். இடம் பிடிக்காத ஆட்டம் எதுவோ அதுதான் பெங்களூரு வழியாக ஓசூர் தாண்டி நமக்கு வந்து சேர்ந்தது.

இதில் நமக்கு ஒரு லாபம் இருந்தது. அந்தக் கருவியின் வேலை நினைவகம் (ரேம்) 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் நீளமான பத்தி ஒன்றை யூனிகோடில் வைத்தாலே அது நிரம்பிவிடும். அவ்வளவு இடத்துக்குள் கதை சொல்ல முடியாது, விதவிதமான காட்சி காட்ட முடியாது. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் தங்கள் புத்தி முழுவதையும் விதிகளில்தான் இறக்க முடிந்தது. நாலு விதி, அந்த நாலும் ஒன்றோடொன்று மோதும்போது நாற்பது நிலைமை. காட்சிக்காக ஆடிய ஆட்டம் பத்து வருஷத்தில் கிழடாகிவிடும். விதிக்காக ஆடும் ஆட்டத்துக்கு வயது ஏறுவதில்லை.

அந்த டேங்க் கேமின் பேர் பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம், 1985. மொத்த அளவு 24 கிலோபைட். "டேங்க் 1990" என்ற பெயரில் நம்மில் பலர் ஆடியது இதைத் திருத்திச் செய்த நகல். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. மேலே மூன்று இடங்களிலிருந்து எதிரி டேங்குகள் இறங்கும், ஒரு ஸ்டேஜுக்கு 20. இப்படி 35 ஸ்டேஜ். கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் கையில் எத்தனை லைஃப் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. நம் குண்டே பட்டாலும் அதே கதிதான்.

ஆடிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தொடக்கத்தில் நம் டேங்க் ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டுதான் விடும். அது எதிலாவது மோதி மறைந்த பிறகே அடுத்தது. அப்படியானால் தூரத்தில் நின்று சுடுகிறவனுக்குக் கை மெதுவாக ஓடும், கிட்டே போய்ச் சுடுகிறவனுக்கு வேகமாக ஓடும். ஆனால் கிட்டே போவது ஆபத்து. எதிரியின் குண்டை நம் குண்டால் அடித்து அழிக்கலாம். நாம் வழி வேண்டுமென்று உடைக்கும் ஒவ்வொரு செங்கல்லும் எதிரிக்கும் வழியாகிவிடும். தண்ணீரை டேங்க் தாண்டாது, குண்டு தாண்டும். மரத்தடியில் யார் இருக்கிறார் என்று தெரியாது. திரையில் தோன்றும் மண்வெட்டிச் சின்னம் கிடைத்தால் கழுகைச் சுற்றிய சுவர் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகும். நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் இரும்புச் சுவரையும் உடைக்கலாம். ஆனால் அந்த பலம் வந்தவன் பதற்றத்தில் திரும்பிச் சுட்டுத் தன் கழுகின் இரும்புச் சுவரையே பெயர்த்துவிடுவதும் உண்டு. இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை, ஆடி ஆடியே தெரிந்துகொண்டோம்.

இருவர் சேர்ந்து ஆடும்போதுதான் இது முழு ஆட்டம். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கழுகு போய்விடும். "நீ கழுகப் பாத்துக்க, நான் மேல போறேன்" என்று பக்கத்து வீட்டு நண்பனோடு போட்ட சண்டைகள் இன்னும் காதில் இருக்கின்றன. காவல் நிற்க யாருக்கும் பிடிக்காது, ஆனால் காவல் இல்லாமல் ஜெயிக்கவும் முடியாது. எங்கள் பக்கத்துக் கோயில் பாறைகளில் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டம் கீறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடு. இரு தரப்புக்கும் பலம் வேறு, வேலை வேறு, ஆனால் ஆட்டம் சமம். பேட்டில் சிட்டியில் இரண்டு பேர் இருபது டேங்கை எதிர்த்து நிற்கும்போது எனக்கு அந்தக் கணக்கே ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டில் "பெங்குயின் கேம்" என்று இரண்டு இருந்ததால் குழப்பம் வரும். ஒன்று பனியில் ஓடுவது, கோனாமியின் அன்டார்க்டிக் அட்வென்ச்சர். ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையத்தை அடையும்போதும் ஒரு நாட்டுக் கொடி ஏறும். அது நல்ல ஆட்டம், ஆனால் இரண்டு நாளில் சலித்துவிடும். நான் சிபாரிசு செய்வது இன்னொன்றை. ஹட்சன் சாஃப்ட்டின் பைனரி லேண்ட், ஃபேமிகாமுக்கு 1985-இல் வந்தது. ஆணும் பெண்ணுமாக இரண்டு பெங்குயின், நடுவில் ஒரு சுவர். நீங்கள் இடது பக்கம் அழுத்தினால் ஒன்று இடது போகும், மற்றது வலது போகும். கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரி. ஆனால் இரண்டு பக்கத்துச் சுவர்களும் ஒரே மாதிரி இல்லை. மேலே இருக்கும் இதயத்தை இரண்டும் ஒரே நேரத்தில் இரு பக்கமிருந்தும் அடைய வேண்டும். சிலந்தி வலையில் ஒன்று சிக்கினால் மற்றது வந்துதான் விடுவிக்க வேண்டும். ஒரு கண்ணால் ஒன்றையும் மறு கண்ணால் மற்றொன்றையும் பார்க்கப் பழக ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகு கை தானாக ஓடும். இத்தனை எளிய ஒரு யோசனையில் இவ்வளவு ஆழம் இருக்கிறதே என்று எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

"தங்கம் பொறுக்கறது" என்று நாங்கள் சொன்னது லோட் ரன்னர். டக்ளஸ் ஸ்மித் என்ற அமெரிக்கர் எழுதியது, 1983-இல் கணினிகளுக்கு வந்தது. அதில் 150 ஸ்டேஜ். அடுத்த வருஷம் ஹட்சன் சாஃப்ட் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்ததில் 50. இதில் குதிக்க முடியாது, சுட முடியாது. இடது பக்கமோ வலது பக்கமோ தரையில் ஒரு குழி தோண்டலாம். துரத்துகிறவன் அதில் விழுவான், நீங்கள் அவன் தலை மேல் நடந்து தாண்டலாம். கொஞ்ச நேரத்தில் குழி தானாக மூடிக்கொள்ளும். தோண்டும் இடமும் நேரமும் கொஞ்சம் பிசகினால், நீங்கள் தோண்டிய குழியே உங்களை மூடிவிடும். வேகமாக ஓடும் ஆட்டம் போலத் தெரியும், உண்மையில் இது புதிர். எங்கிருந்து தொடங்கி எந்தத் தங்கத்தைக் கடைசியாக எடுப்பது என்று ஆடுவதற்கு முன்பே திரையைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். கணக்குப் பாடம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

எக்ஸைட்பைக், 1984. ஷிகெரு மியாமோட்டோ சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு முன் வடிவமைத்த பைக் பந்தயம். ஒரு பொத்தான் சாதா வேகம், மறு பொத்தான் அசுர வேகம். இரண்டாவதை விடாமல் அழுத்தினால் எஞ்சின் சூடாகி வண்டி நின்றுபோகும். மேட்டில் பறக்கும்போது முன் சக்கரத்தைத் தூக்குவதா இறக்குவதா என்பதில்தான் மொத்த வித்தையும். இதில் நாமே ஓடுபாதை அமைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அமைத்ததைச் சேமிக்க மெனுவில் வழியும் காட்டியது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பெட்டி நகல் என்பதால் அப்படி என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். காரணம் வேறு. ஜப்பானில் ஃபேமிகாமுடன் இணைக்க ஒரு டேப் ரெக்கார்டர் கருவி தனியாக விற்றார்கள், ஓடுபாதை அதில்தான் பதிவாகும். அந்தக் கருவி அமெரிக்காவுக்கே போகவில்லை, அப்புறம் பாலக்கோட்டுக்கு எங்கே வருவது. கரண்ட் போனால் ஓடுபாதையும் போய்விடும்.

பரணில் கிடைத்த துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பெட்டியை எடுத்துப் புது டிவியில் மாட்டுகிற எல்லோரும் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். வாத்து சுடும் ஆட்டம் தட்டை டிவியில் வேலை செய்யாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் கிளம்பிப் போவதில்லை. அதன் முனையில் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் முழுக் கறுப்பாகும், அடுத்த நொடித்துணுக்கில் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெள்ளையைத் துப்பாக்கியின் கண் பார்த்தால் வாத்து விழும். பின்பக்கம் பருத்த பழைய டிவி இதை அந்தக் கணமே காட்டும். புது டிவி வந்த படத்தைச் சரிசெய்து காட்டுவதற்குள் கொஞ்சம் தாமதமாகிறது, அதற்குள் பெட்டி "தப்பிவிட்டது" என்று முடிவு செய்துவிடுகிறது. உங்கள் குறி சரியாகத்தான் இருக்கும். மற்ற ஆட்டங்களிலும் கை அழுத்தியதற்கும் படம் நகர்வதற்கும் இடையே இடைவெளி தெரிந்தால், டிவியின் அமைப்பில் கேம் மோடு இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், கேசட்டை ஊத வேண்டாம். வாய் ஈரம் பட்டு அதன் உலோகப் பற்கள் கறுத்துப்போகும். ஊதியதால் ஆட்டம் வந்தது என்று நாம் நம்பியபோதெல்லாம், கேசட்டை எடுத்து மறுபடி மாட்டியதால்தான் வந்தது.

அளவு பார்த்து வடிகட்டியதில் நமக்கு வராமலே போனவையும் இருக்கின்றன. நிண்டெண்டோ 1990-இல் வெளியிட்ட ஸ்டார்டிராபிக்ஸ் ஒன்று. தீவுத் தீவாகப் போய்க் காணாமல் போன மாமாவைத் தேடும் கதை. ஆட்டத்தின் பெட்டியில் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். பாதி ஆட்டத்தில் "மாமாவின் கடிதத்தைத் தண்ணீரில் நனை" என்று வரும். கையில் இருக்கும் நிஜக் கடிதத்தை நிஜத் தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும், அது இல்லாமல் மேலே போக முடியாது. பெட்டியே இல்லாமல் கேசட் மட்டும் வாங்கிய ஊரில் இது எப்படி ஓடியிருக்கும்? இப்போது எண் உங்களுக்குத் தெரியும், தயங்காமல் ஆடலாம். இன்னொன்று சன்சாஃப்ட்டின் கிம்மிக், 1992. ஜப்பானுக்கு வெளியே அன்று ஸ்காண்டினேவிய நாடுகளில் மட்டும் விற்ற ஆட்டம். சின்னப் பச்சை உருவம் ஒன்று நட்சத்திரத்தை வீசும். அது சுவரில் பட்டுத் தெறிக்கும், சரிவில் உருளும், சரியான நேரத்தில் அதன் மேலேயே ஏறி சவாரி செய்யலாம். பொம்மைப்படம் போலத் தெரியும், ரொம்பக் கஷ்டமான ஆட்டம். 2023-இல் புதிய கருவிகளுக்கு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது.

கேசட்டை விட்டுக் கணினிக்கு வந்தால் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது கிருஷ்ணகிரிக்காரர்களுக்காக. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் 1994-இல் டிரான்ஸ்போர்ட் டைகூன் என்று ஓர் ஆட்டம் எழுதினார். ஊர்கள், சுரங்கங்கள், ஆலைகள் இருக்கும். ரோடு போட்டு, தண்டவாளம் போட்டு, லாரியும் ரயிலும் ஓட்டி ஆளையும் சரக்கையும் நகர்த்துவது உங்கள் வேலை. 2004-இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற நிரலாளர் அதைத் திறந்த நிரலாக மறுபடி எழுதி ஓபன்டிடிடி என்று வெளியிட்டார். 2010 முதல் பழைய ஆட்டத்தின் கோப்புகள் எதுவும் இல்லாமலே முழுக்க இலவசமாக ஓடுகிறது. மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலேயே தாராளமாக ஓடும்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை தனி. ஓசூர், சென்னை, சேலம் என்று மூன்று பக்கத்து நெடுஞ்சாலையும் வந்து கூடும் கிருஷ்ணகிரியில் இன்றும் பயணிகள் ரயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதையில் ரயில் ஓடியது. பின்னர் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ஓபன்டிடிடியில் நிஜ நிலப்பரப்பின் மேடு பள்ளங்களைக் காட்டும் உயரப்படத்தை ஏற்றி அதையே மைதானமாக்கலாம். நான் நம் பக்கத்து மலைகளை ஏற்றி, திருப்பத்தூரிலிருந்து பாதை போட்டுப் பார்த்தேன். மேடு ஏறும் இடத்தில் சரக்கு வண்டி தவழ்கிறது. மலையைச் சுற்றினால் செலவு, குடைந்தால் அதைவிடச் செலவு. ஒரு ஊருக்கு ரயில் வருவதும் வராததும் எத்தனை விஷயங்களைப் பொறுத்தது என்று இரண்டு மணி நேரத்தில் கைக்குப் புரிந்துவிடுகிறது. மாம்பழ சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இவற்றை எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். பேட்டில் சிட்டி, 2020-இல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. எக்ஸைட்பைக் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தாவில் கிடைக்கிறது. உரிமையாளர்கள் விற்கும் ஆட்டத்தை அவர்களிடமே வாங்குவதுதான் சரி என்பது என் எண்ணம். நாம் அவர்களுக்கு ஒரு பைசாவும் தராமல் ஒரு குழந்தைப் பருவம் முழுக்க ஆடியிருக்கிறோம்.

அக்கா மகனுக்கு ஆட்டத்தின் பேரைத் தேடிச் சொன்னேன். போனில் இறக்கவில்லை, பெட்டியிலேயே ஆடுகிறான். தங்கையைப் பச்சை டேங்கில் உட்கார வைத்திருக்கிறான். பேட்டில் சிட்டியில் நாமே செங்கல் அடுக்கி ஸ்டேஜ் கட்டும் இடம் ஒன்று உண்டு, 13-க்கு 13 கட்டம். அதையும் கண்டுபிடித்துவிட்டான். பெட்டியை அணைத்தால் கட்டியது அழிந்துவிடும் என்று சொன்னேன். அந்தக் காலத்தில் நாங்கள் அதைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வோம். அவன் திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறான். மறுநாள் காலை அதைப் பார்த்துப் பார்த்து இருவரும் மறுபடி கட்டுகிறார்கள், போன தடவை கழுகு போன மூலையில் மட்டும் இரண்டு செங்கல் கூடுதலாக வைத்து.